கழற்றாத மாலை

செவ்வாய்க்கிழமை காலை, தென்காசியில் என் ஜெராக்ஸ் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். சண்முகையாவின் மனைவி போன் செய்தார். "அண்ணாச்சி, படகுக்குக் கிரீஸ் அடிச்சிட்டு வந்து காப்பி கேட்டாவ. போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாவ" என்றார். முதல் நாள்தான், கிரீஸ் டப்பாவைச் சரியாக மூடவில்லை என்று சண்முகையா என்னைத் திட்டியிருந்தார். நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவே கடைசிப் பேச்சாகிப் போனது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தப் படகையும் தெரியும். கேரளத்துக் காயலில் ஓடித் தேய்ந்த சின்ன ஜெட் படகு. அடியிலுள்ள கம்பி வலை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும். வெளியே சுற்றும் விசிறி கிடையாது, வெள்ளத்தில் தத்தளிப்பவர் காலை வெட்டாது என்பதற்காகவே வெள்ள மீட்புக்கென்று நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து வாங்கிக் குற்றாலத்தில் ஒரு கொட்டகையில் நிறுத்தினோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சண்முகையா, வெளி மெக்கானிக் யாரையும் அதைத் தொட விடவில்லை. "கொச்சியில இருந்து ஆள் வாரது வரைக்கும் வெள்ளம் காத்துக் கெடக்குமாவே? நம்ம படகு, நாமதான் பாக்கணும்" என்பார்.

சீசனில் குளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் முதல் வேலை அந்த வலையைச் சுத்தம் செய்வது. அருவியில் குளித்தவர்கள் விட்டுப்போய்க் குளத்துக்கு அடித்துவரும் துண்டு, ஷாம்பு பாக்கெட் என்று ஏதாவது மாட்டியிருக்கும். ஒருமுறை முழு வேட்டியே வந்தது. அதை விரித்துப் பிடித்து, "இவன் எதக் கட்டிக்கிட்டுவே ஊருக்குப் போயிருப்பான்?" என்று அவர் கேட்டது இப்போதும் காதில் கேட்கிறது.

ஆயில், பேட்டரி, அடித்துளை மூடி, கிரீஸ் என்று ஒன்பது வரி எழுதிக் கொடுத்தார். நான் பிரதி எடுத்தேன். வாரம் ஒருவர் முறை வைத்துப் பார்த்து, டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஏழாவது வரி: படகில் தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது.

வடகரையில் குளம் உடைந்த வருடம், ஆயுத பூஜைக்குப் படகின் மூக்கில் கதம்ப மாலை போட்டோம். மறுநாளே கழற்றச் சொன்னார். லாரிக்குப் போட்ட மாலையை யாராவது கழற்றுவார்களா, தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்து வந்த என் முறைக்குக் கொட்டகைக்கே போகவில்லை. கடையில் உட்கார்ந்தபடி ஒன்பது டிக்கும் போட்டேன்.

அந்த வாரமே வடகரைப் பக்கம் குளம் உடைந்தது. அடித்துப்பிடித்துப் படகை இறக்கினோம். குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் என்ஜின் உறுமியது, படகு நகரவில்லை. காய்ந்த மாலை அவிழ்ந்து விழுந்து, அதன் நைலான் நூல் வலைக்குள் புகுந்து, உள்ளே சுழலும் தண்டில் இறுகச் சுற்றியிருந்தது. சண்முகையா படகைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு நெஞ்சளவு தண்ணீரில் குதித்தார். மூச்சை அடக்கி அடக்கி மூழ்கி, பேனாக்கத்தியால் நூலை அறுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. மாடியில் நின்ற அண்ணாச்சி குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம். தொழுவத்தில் கட்டிக் கிடந்த இரண்டு பசுக்களைக் காப்பாற்ற முடியவில்லை.

"கயித்த அறுத்து விட்டிருந்தா நீந்திக் கரையேறியிருக்குமே! ஏ, படகப் பாத்துக்கிடுதது யாருவே?" என்று குத்தாலிங்கம் அண்ணாச்சி கத்தினார்.

"நாந்தான்" என்றார் சண்முகையா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. பிறகு நான் அவரிடம் தனியே அழுதபோது, "நீரு ஊருல கடை வச்சிருக்கீரு, நாலு பேரு மூஞ்சியில முழிக்கணும். நான் பென்சன்காரன். இனிமே தொட்டுப் பாத்துட்டு டிக் போடும், அது போதும்" என்றார். அந்தத் தாளில் என் கையெழுத்தை அடித்துத் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். அதன் பிறகு குத்தாலிங்கம் அண்ணாச்சி அவரோடு பேசவே இல்லை. டீக்கடையில் அவரைக் கண்டால் எழுந்து போய்விடுவார். நான் அதையும் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

இறுதிச் சடங்கன்று குத்தாலிங்கம் அண்ணாச்சி கையில் மாலையோடு தெருமுனை வரை வந்தார். கொஞ்ச நேரம் நின்றார், திரும்பிப் போய்விட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் வடகரைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. வெகுநேரம் தொழுவத்தையே பார்த்திருந்துவிட்டு, "வாங்குன மாலையத் திருப்பிக் கொண்டுவந்துட்டேனேவே" என்று அழுதார்.

அவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது என்பதால் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கொட்டகைச் சாவியையும் அந்தப் பேனாக்கத்தியையும் சண்முகையாவின் மனைவி என்னிடம் கொடுத்திருக்கிறார். கத்தியின் மடிப்பில் அந்த மாலையின் மஞ்சள் நைலான் நூல் ஒரு துணுக்கு இன்னும் சிக்கியிருக்கிறது. அதை நான் எடுக்கப்போவதில்லை. இந்த வாரம் படகைப் பார்ப்பது சண்முகையாவின் முறை. ஒன்பது வரியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பெயரிலேயே கையெழுத்திட்டேன்.