டாவோஸில் ஒரு ரப்பர் ஏப்ரன்

காலை ஏழு மணி. சுவிஸின் சோலோதுர்னில் ரயில் ஏறும்போது சந்தோஷம் தாங்கவில்லை. டாவோஸ் ஹோட்டல் சமையலறைகளில் உழைத்தவர்களைப் பற்றிய கண்காட்சி அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் இன்று திறக்கிறது. பொருட்களைத் திரட்டிக் கொடுத்தவள் நான். பள்ளியில் அமெரிக்கப் பண்பாடு படிப்பிக்கிறேன். விடுமுறைகளில் சாதாரண சனங்களின் புழங்குபொருட்களையும் கதைகளையும் சேகரித்துக் காட்சிக்கு வைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை.

சூரிச்சிலும் லாண்ட்குவார்ட்டிலும் ரயில் மாறி, பத்தரைக்குப் பிறகு டாவோஸ். நிலையத்தில் ஒரு காப்பி ஐந்து பிராங் எண்பது. அநியாயம்! சிவனேசன் அண்ணை மகளோடு காத்து நின்றார். இந்த ஊர் ஹோட்டல்களில் பதினேழு வருடம் கோப்பை கழுவியவர்.

"கண்காட்சியிலை அப்பாவின்ரை பேரைப் படம் எடுக்கோணும் அன்ரி," என்றாள் மகள்.

பத்து நிமிட நடை. உள்ளே போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணையின் ரப்பர் ஏப்ரன். கீழே ஜெர்மனில்: 'தமிழ் அகதி ஒருவருடையது.' அவ்வளவுதான். பக்கத்துப் பெட்டியில் ஹோட்டல் முதலாளியின் வெள்ளி அகப்பை. அவர் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர். அவரது குடும்பப் படத்தில் நின்ற நாய்க்குக்கூடப் பெயர் இருந்தது!

மகள் போனைக் கீழே இறக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்தில் ஓர் அமெரிக்கப் பழைய ஒட்டுத்துணிப் போர்வையைப் படத்தில் காட்டி, "தைத்தவள் பெயர் எங்கே?" என்று பிள்ளைகளைக் கேட்பவள் நான். என் கண்காட்சியிலேயே இந்தக் கூத்தா? அருங்காட்சியக இயக்குநர் அம்மாவைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன்.

அவர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து விரித்தார். அண்ணையின் முதல் நேர்காணலின்போது நான் எழுதிய அட்டை. என் கையெழுத்து: 'பெயர் வெளியிட வேண்டாம்.'

அட்டையை அண்ணையிடம் நீட்டினேன். "அண்ணை, இது நீங்கள் சொன்னதுதானே?"

"ஓம் ரீச்சர். அப்ப அகதி வழக்கு நடந்தது, பயத்திலை சொன்னனான். சுவிஸ் பாஸ்போர்ட் கிடைச்சே பதினைஞ்சு வருஷமாச்சு. பிறகு நாலு தரம் வந்து ஏப்ரனைக் கேட்டியள். பேரை ஒருக்காலும் கேக்கேல்லையே."

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு தாளில் பெயரை அவரையே எழுதச் சொல்லிப் பெட்டியில் ஒட்டினோம். மகள் படம் எடுத்தாள். இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மாலை நாலரை, திரும்பும் ரயில். மலையைப் பார்க்க மனமில்லை. என் சேகரிப்பில் அதே வசனம் எழுதிய அட்டைகள் இன்னும் நாற்பத்தொன்று. அவற்றின் படங்கள் என் போனில் இருக்கின்றன. இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தேனே, வெட்கமாயில்லையா எனக்கு? முதல் அட்டையிலிருந்த எண்ணை அழைத்தேன். பாவனையில் இல்லை என்றது இயந்திரக் குரல். இரண்டாவதை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பா போன மார்கழியிலை காலமாயிட்டார். நீங்கள் ஆர் கதைக்கிறியள்?"