இஞ்ஞாசி அமைத்துத் தந்த எஸ் டிரைவ்

முந்தாநாள் காலை செண்பகத்தின் போன் வந்தது. எங்கள் ஆபிஸில் தட்டச்சு பார்க்கிறவர்.

"அண்ணாச்சி, இஞ்ஞாசி சார் போயிட்டாக. நெஞ்சுவலியாம்."

"எங்க போனாரு?" என்று கேட்டேன். அறுபது வயது மடையன் கேட்கிற கேள்வி.

நேற்று புன்னைக்காயலில் அடக்கம். இன்று, எங்கள் சங்க இதழுக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்கிறார் முதலாளி. நாலு வரியா? எனக்கிருக்கிற ஆத்திரத்தை எழுதி அடுக்கினால் துறைமுகத்துக் கன்டெய்னர் அத்தனையும் போதாது. கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்றுமதிச் சரக்குக்குக் காகிதம் தயாரித்துக் கப்பலேற்றி விடுகிற ஆபிஸ் எங்களுடையது. ஏழு பேர், ஏழு கம்ப்யூட்டர். இஞ்ஞாசி அவர்கள் வருவதற்கு முன்பு எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பென் டிரைவ். சிவப்புக் கயிறு கட்டி ஆணியில் தொங்கும். அதற்கு நடந்த சண்டையைப் பார்த்திருந்தால் பாண்டிய மன்னர்கள் முத்துக்குச் சண்டை போட்டதை வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பார்கள். ஒரே இன்வாய்ஸ் ஏழு கம்ப்யூட்டரிலும் ஏழு விதமாக இருக்கும்: 'பைனல்', 'பைனல் புதுசு', 'பைனல் அண்ணாச்சி'.

அவர் வந்த இரண்டாம் மாதம், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். தாமே சுவரில் துளை போட்டு வயர் இழுத்தார். மூன்றாம் நாள் எல்லோருடைய திரையிலும் 'எஸ்' என்று ஒரு டிரைவ் முளைத்தது. செண்பகம் அதில் ஒரு ஃபைலைப் போட, அது என் கண்முன்னே வந்து நின்றது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன் என்பது வெறும் வதந்தி. எழுந்துவிட்டேன்.

அன்று அவர் ஒன்று கேட்டார். "அண்ணாச்சி, யார் யாரு பார்க்கலாம், யார் யாரு மாத்தலாம்னு பிரிச்சு வைக்கணும். அவங்கவங்க ஃபோல்டர் அவங்கவங்க கையில."

ஆபிஸே கொதித்தது. மதியம் ஏழு டிபன் பாக்ஸையும் ஒரே மேஜையில் திறந்து வைத்து, யார் குழம்பை யார் தின்றது என்று தெரியாமல் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். எங்களுக்குள் பூட்டா? முதலில் குதித்தவன் நான்தான். "ஏரல் சந்தையில நான் சைக்கிளைக்கூடப் பூட்டுனது இல்ல, வே! நாங்க என்ன களவாணிப் பயலுவளா?" என்றேன்.

முதலாளி தீர்ப்புச் சொன்னார்: "இது குடும்பம். எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விடுங்க."

இஞ்ஞாசி அவர்கள் திறந்துவிட்டார். "குடும்பத்துலதான் அண்ணாச்சி பொருள் இடம் மாறும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன்பு அது நடந்தது. ஒரு உப்புச் சரக்கு. வாங்குகிறவர் திருத்தம் சொல்லி, அன்று காலைதான் காகிதம் முழுவதும் புதிதாகப் போட்டது. பதினோரு மணிக்கு ஃபோல்டரோடு காணவில்லை. துறைமுக வாசல் அடைக்க ஒரு மணி நேரம் இருந்தது. முதலாளி கத்திய கத்தலுக்குக் கீழவைப்பார் வரைக்கும் காக்கை பறந்திருக்கும்.

இஞ்ஞாசி அவர்கள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். பன்னிரண்டேகாலுக்குக் கிடைத்தது. 'பொங்கல் போட்டோ' என்ற ஃபோல்டருக்குள் கிடந்தது. கப்பல் தவறிவிட்டது.

அன்று காலை அந்தப் பொங்கல் போட்டோவைத் திறந்து வைத்து, பட்டு வேட்டியில் என் அழகை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். மவுஸ் எங்கோ பிடித்து எங்கோ இழுத்தது. நான் கவனிக்கவில்லை. ஃபைல் கிடைத்த இடத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மவுஸை அந்தப் பிடி பிடிக்காதீங்க. அது மீன் இல்ல, நழுவாது."

"சொல்லிராதீரும், வே" என்றேன்.

"சொன்னா உங்களைத் தூக்கிருவாரு. நான் அழிச்சு நானே மீட்டதா இருக்கட்டும். என்னைத் தூக்க முடியாது, மாடிப்படிப் பெட்டியைப் பார்க்க வேற ஆளில்ல."

"அப்ப சரி" என்றேன். அப்ப சரி! இந்த நாக்கைச் சூசைமாநகர் தொட்டு வேம்பார் வரை கரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனாலும் தகும்.

முதலாளி எல்லோர் முன்னாலும் தண்டனை கொடுத்தார். "அழிக்கிற கைக்கு இனிமே எழுதுற உரிமை கிடையாது. பார்க்க மட்டும்தான். அந்த செட்டிங்கை நீங்களே போடுங்க." தாம் கட்டிய டிரைவில் எழுதுகிறவர்கள் பட்டியலிலிருந்து தம் பேரைத் தம் கையாலேயே விலக்கினார் அந்த மனுசர். நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். நினைத்திருந்தால் பத்து நொடியில் திருப்பிப் போட்டிருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று வருடமும் அதைத் தொடவில்லை. காகிதத்தைத் தம் கம்ப்யூட்டரில் தயாரித்து, பென் டிரைவில் எடுத்து, என் மேஜைக்கு வந்து நிற்பார். "அண்ணாச்சி, இதை உள்ள போட்டுத் தாங்க." நானும் போட்டுக்கொடுத்தேன், ஏதோ தானம் செய்கிறவனைப் போல.

நேற்று அவர் வீட்டில், அவருடைய மனைவி ரீத்தா என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அவுக நெசமாவே அந்த ஃபைலை அழிச்சாகளா? தெருவுல யாரும் கம்ப்யூட்டர் பத்திக் கேட்டாக்கூட, எனக்குத் தெரியாதுன்னு உள்ள போயிருவாக."

"இல்லம்மா. நான்தான். அழியவும் இல்ல, இடம் மாறிக் கிடந்துச்சு. தேடி எடுத்ததே அவருதான்."

அவர் அழவில்லை. "இதை எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? அவருகிட்டச் சொல்லுங்க" என்று வாசலைக் காட்டினார். முதலாளி ஆள் உயர மாலையோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். பங்குச்சாமியார், உறவு, ஊர் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்? மெதுவாப் பேசுங்க" என்றார் முதலாளி.

"அன்னைக்கு நீங்க மெதுவாவா பேசுனீங்க?" என்றேன்.

முதலாளி, இதை நீங்கள் இதழில் போடுவீர்களோ மாட்டீர்களோ, நாலு வரி இவ்வளவுதான். ஃபைலை அழித்தவர் இஞ்ஞாசி பர்னாந்து அல்லர். இடம் மாற்றியவன் நான். விசாரிக்காமல் தண்டித்தவர் நீங்கள். பார்த்துக்கொண்டு சோறு தின்றவர்கள் நாங்கள்.

நேற்று, நான் அப்படிக் கேட்டு முடித்ததும் கோயில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். தோள் கொடுக்க நானும் போனேன். அவருடைய மைத்துனர் என் கையை எடுத்துக் கீழே விட்டார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூட்டத்துக்குக் கடைசியில், வெறுந்தோளோடு நடந்தேன்.

போய் வாரும், இஞ்ஞாசி.