டிவியை மூடிய துண்டு

கொச்சியில், மட்டாஞ்சேரிச் சந்து ஒன்றில், வாஞ்சிநாதனைக் கேபிள்காரர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஜோசியர் என்றுதான் பேர். பஞ்சாங்கத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற மனுஷன்! ஆனால் கிரிக்கெட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னால் சொன்னபடி நடக்கும். அந்தப் பேர் காதில் விழுந்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் நடுவில் மழை பொய்த்து, அணைகள் வற்றி, தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் கட். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத்தான் போய்த் தொலையும். வாஞ்சிநாதன் தன் கேபிள் அறையில் பேட்டரி வைத்து, அந்த அரை மணி ஆட்டத்தை வீடியோவில் பதிவு செய்தார். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து போட்டுக் காட்டினார். சந்தே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கட் நேரத்தில் யாரும் ரேடியோவைத் தொடக்கூடாது என்று தங்களுக்குள் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள்.

பதிவாகும்போது டிவியின் மேல் ஈரிழைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடுவார். "நான் மட்டும் முன்னாலே பார்த்தா அது என்ன ஞாயம்? நானும் உங்க கூடத்தான் பார்ப்பேன்" என்று வெளியே வந்து இருட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்துகொள்வார்.

அதைச் சொன்ன நாளில் அவர் மனசில் கள்ளம் இல்லை. பதிவு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நாள் துண்டை விலக்கினார். ஒரு விக்கெட் விழுவது கண்ணில் பட்டது. வாய் சும்மா இருந்ததா? வெளியே வந்து, "இவன் இப்போ போயிடுவான் பாரு" என்றார். கரண்ட் வந்தது, அவனும் போனான். பந்தயமாக ஒரு சாயாவும் பழம்பொரியும் கிடைத்தன. பத்தாம் வகுப்பில் தோற்று, அண்ணன்மாரிடம் மண்டு என்று பேர் வாங்கியவரை முதல் தடவையாக நாலு பேர் கெட்டிக்காரன் என்றார்கள். அந்த ருசி பழம்பொரி ருசியைவிடப் பொல்லாதது. அதன்பின் துண்டு தினமும் விலகியது.

ராஜன் அவருடைய சின்ன வயசுக் கூட்டாளி. கார்ப்பரேஷனில் கொசுமருந்து அடிக்கிற வேலை. மருந்து டாங்கியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சுள்ளிக்கல் வரை போவார். அவருக்கு ஒரு ஆட்டக்காரர்மேல் உயிர். 'என் ஆளு' என்றுதான் சொல்லுவார். ஒரு நாள் அந்த ஆள் தொண்ணூறைத் தாண்டி நிற்கும்போது கரண்ட் போனது.

"என் ஆளு இன்னிக்கு நூறு அடிப்பான். யாருக்குடா பந்தயம்?"

உள்ளே போய் வந்த வாஞ்சிநாதன் சொன்னார்: "அடிக்க மாட்டான்."

"சாயாவெல்லாம் வேண்டாம். என் சைக்கிளு!"

விளையாட்டாகச் சிரித்து மழுப்பியிருக்கலாம். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. ஜோசியர் கையை நீட்டினார், ராஜன் அதில் ஓங்கி அடித்தார். கரண்ட் வந்ததும் அவர் ஆள் நூறுக்கு முன்னாலேயே அவுட்.

மறுநாள் காலையில் வாஞ்சிநாதன் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "போடா, பந்தயம்னா பந்தயம்தான்" என்று ராஜன் சாவியைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டார். ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார். அதைச் சொல்ல வாஞ்சிநாதனுக்கு நாக்கு எழவில்லை. அன்று முதல் ராஜன் டாங்கியை முதுகில் சுமந்து நடந்தார். அவர் கேபிள் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாஞ்சிநாதன் கையில் கிடைத்த ஒயரைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொள்வார்.

இரண்டாயிரமாம் ஆண்டில், கிரிக்கெட்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்ற சேதி வெடித்தது. யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று தெரியாமல் நாடே எல்லோரையும் திட்டியது. ராஜனுடைய ஆளின் பேரை யாருமே சொல்லவில்லை. ராஜன்தான் சொன்னார். "அன்னிக்கு அவன் அவுட்டானது சும்மாவா? வித்திருக்கான், துரோகி!"

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ராஜனின் மகள் அம்பிளி இடதுகையால் சுழற்பந்து போடுவாள். வாஞ்சிநாதனின் அறைக்குப் பின்சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைந்து, அதில் போட்டுப் போட்டே பழகியவள். மாவட்டப் பெண்கள் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை களமசேரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்திருந்தது. ராஜன் பந்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

அம்பிளியின் அம்மா ஷைலஜா ஓடி வந்தாள். "அண்ணே, நீங்க சொன்னா கேட்பாரு. அம்பிளிக்கொச்சு மூணு நாளா சாப்பிடலை."

இனி ஒளிந்துகொள்ள இடம் இல்லை. பாவி, பச்சைப் பிள்ளை வயிற்றிலா அடித்தோம் என்று வாஞ்சிநாதனுக்கு நெஞ்சு வெந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ராஜன் வாசலில் டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ராஜா, உன் ஆளு விக்கலைடா. நான்தான் வித்தேன். துண்டை விலக்கிப் பார்த்துட்டு வந்துதான் உன்கிட்டே கை அடிச்சேன்."

ராஜன் தண்ணீரை நிறுத்தவில்லை. "அன்னிக்கு மட்டுமா?"

"இல்லை. தினமும்."

டாங்கியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ராஜன் நிமிர்ந்தார். சண்டை போடுவார், அடிப்பார் என்று வாஞ்சிநாதன் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

"நிக்கர் போட்ட நாள்லேருந்து உன்னை எனக்குத் தெரியும். நீயே ஒரு சாயாவுக்கு என்னை வித்துட்டே. கோடி கொடுத்தா அவன் விக்க மாட்டானா? இதுவரைக்கும் எனக்கு ஒரு சம்சயம் இருந்துச்சு வாஞ்சி. இப்போ அதுவும் போச்சு."

"கொச்சு என்னடா பாவம் பண்ணினா?"

"அவ போக மாட்டா. சைக்கிளை எடுத்துட்டுப் போ."

அம்பிளி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

ராஜன் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜோசியர் என்ற பேராவது ஒழிந்திருக்கும். சந்து இன்றும் வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறது.

களமசேரியில் ஆள் எடுத்து முடித்த மறுநாள், அம்பிளி ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியுமாக வந்தாள். பின்சுவரில் வரைந்த ஸ்டம்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். வாஞ்சிநாதன் தள்ளி நின்றார்.

"மாமா, அன்னிக்கு அவரு எப்படி அவுட்டானாரு?"

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மறந்தால்தானே. "நல்ல பால், மோளே. வெளியே போற மாதிரி வந்து உள்ளே திரும்பிச்சு. எப்பேர்ப்பட்டவனும் அதுக்கு அவுட்டாவான்."

"அப்போ போட்டவன்தான் ஜெயிச்சான்."

"ஆமா."

"அதை அப்பாகிட்டே சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தன் திருட்டைச் சொன்னார், தன் பாவத்தைச் சொன்னார். அவனை வீழ்த்தியது பணம் இல்லை, அந்தப் பந்துதான் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவள் துணியை நனைத்து மிச்சக் கரியையும் துடைத்தாள்.