கன்னத்தில் பூசிய மரப்பட்டை

கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து ராயபுரத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. நான் டீச்சர் டிரெயினிங் முடித்தவள் என்று தெரிந்ததும் மாதா கோயில் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்து உடனே ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள், "கவனமாக் கேளுங்க, ஒரு தடவதான் சொல்லுதேன்" என்றேன். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். அவளுடைய அப்பா காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டுகிறவர். "சொல்லுதேன் இல்ல டீச்சர், சொல்றேன்" என்று எனக்குத் திருத்தம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவே இல்லை. வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் ஒரு தமிழா?" என்று கணவரிடம் அலுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, பத்து வயதுப் பெண் ஒருத்தி புதிதாக வந்து கடைசியில் உட்கார்ந்தாள். பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக நம்மவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. அவளுடைய அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் வரும். என் எதிரே நடக்கும்போதெல்லாம் இடுப்பை வளைத்துக் குனிந்துகொண்டே போனாள். வயிற்றுவலியோ என்று நினைத்தேன். ஜெபப் புத்தகத்தை நீட்டினால், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு வாங்கினாள். கையில் அடிபட்டிருக்கிறதோ என்று பார்த்தேன். பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை அது என்று அப்போது எனக்கு யார் சொல்வார்கள்?

அந்த முதல் நாள் அவள் இரண்டு கன்னத்திலும் வெளிர்மஞ்சளாக எதையோ வட்டமாக அப்பியிருந்தாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கோயிலுக்கு வருகிறவள் முகமெல்லாம் சந்தனத்தை அப்பிக்கொண்டா வருவது என்று எனக்குக் கோபம் வந்தது.

"ஏளா, போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்று குழாயைக் காட்டினேன்.

பேச்சு புரிந்ததோ இல்லையோ, கை காட்டியது புரிந்தது. போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். பாடம் முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பல் விழுந்தவளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"எங்க சந்துலதான் டீச்சர் கீது அந்தப் பொண்ணு. அன்னிக்கு வூடு வர்ற வரிக்கும் அழுதுகினே வந்துச்சு. அவுங்கம்மா ஊர்ல எல்லாரும் அத்தப் பூசிப்பாங்களாம். நீ போயி கழுவச் சொல்லிட்ட."

பிள்ளைகள் என்னை 'நீ' என்று பேசுவது அதுவரை எனக்குப் பிடிக்காது. அன்று அதைக் கண்டிக்கத் தோன்றவில்லை. வகுப்பு விட்டதும் அவளையே வழிகாட்டச் சொல்லிப் புறப்பட்டேன்.

ஒற்றை அறை வீடு. அப்பா வீட்டில் இருந்தார். பாயை விரித்து உட்காரச் சொன்னார். அம்மா சுவரோரமாக நின்றுகொண்டார்.

"நான் தெரியாமச் செஞ்சிட்டேன் அண்ணாச்சி. அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பர்மியப் பேச்சில் சொன்னார். அந்த அம்மா மெதுவாக ஏதோ பதில் சொன்னார். அதை அவர் தமிழில் சொல்லக் கொஞ்சம் தயங்கினார்.

"அது மரப்பட்டைங்க. தண்ணி விட்டு உரைச்சுப் பூசினா வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். கப்பல் ஏறறப்ப ஒரு கட்டைதான் கொண்டுவர முடிஞ்சுது. அதனால இங்க தினமும் பூசறதில்ல. கோயிலுக்குப் போறாளேன்னு அன்னிக்குப் பூசிவிட்டிருக்கா."

என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, அந்த அம்மா மூலையிலிருந்து வட்டமான கல்லையும் கட்டையையும் கொண்டுவந்தார். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்தார். பூசட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். நான் முகத்தைக் காட்டினேன். இரண்டு கன்னமும் ஜில்லென்று ஆயின.

"எனுக்கு? எனுக்கும் டீச்சர்!" என்று பல் விழுந்தவள் இடையில் புகுந்தாள்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் அப்படியே கடைத்தெரு வழியாக நடந்து வந்தோம். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தது.

மறு ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். பல் விழுந்தவளை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, புரியாததை எடுத்துச் சொல்லச் சொன்னேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. பாடம் வேகமாக ஏறியது. எந்தத் தமிழில் ஏறுகிறது என்பதை நான் கவனிக்கவில்லை.

புதுநன்மைக்கு முந்தின வாரம் சாமியார் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். அவர் தஞ்சாவூர்க்காரர். அட்சரம் பிசகாமல் பேசுவார். பிள்ளைகளும் அப்படியே சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பார். பர்மாப் பெண்ணின் முறை வந்தது.

"கடவுள் எங்கே இருக்கிறார்?"

"எல்லா எடத்துலயும் கீறாரு சாமி" என்றாள் கணீரென்று.

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்கேயும் கீறாரா?"

"கீறாரு சாமி. எங்க ஊர்லயும் கீறாரு."

சாமியார் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். "எல்லா இடத்திலும்தான் அம்மா. நீ போகலாம்" என்றார். நான் பின்வாசல் வழியாக வெளியே போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்ணின் வீட்டாருக்கு எண்ணூர்ப் பக்கம் வீடு கிடைத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகும் வெகுகாலம் அதே கோயிலில் பாடம் சொன்னேன். தெலுங்கு பேசும் ரயில்வே வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், மலையாளம் பேசும் பிள்ளைகள் வந்தார்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், பாடப் புத்தகத்தை எடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

அந்தப் பர்மா அம்மா சாமியாரிடம் புகார் சொல்லியிருக்கலாம். மகளை அனுப்பாமலே விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் அது நியாயம்தான். அவரோ தன்னிடம் இருந்த ஒரே கட்டையை எனக்காக உரைத்தார். அவரோடு ஒரு வார்த்தைகூட நேரடியாக என்னால் பேச முடிந்ததில்லை. என் ஜெபத்தில் இன்றும் அவருக்கு ஓர் இடம் உண்டு.