லோர்னாவின் வெள்ளிக்கிழமைச் சட்டி

அமெரிக்காவின் துலூத் நகரில் கூரைத் தகடு விற்கும் எங்கள் அலுவலகத்தில் லோர்னா இருபது வருடமாக வரவேற்பாளர். ரௌட்டர், ஸ்விட்ச், சர்வர், ஃபயர்வால் எல்லாம் கரைத்துக் குடித்தவர். தெரியாதவர்கள் மேல் எரிந்து விழுவார். வெள்ளிதோறும் எங்களுக்கு அவர் சமையல்தான். அன்றைக்கென்று பார்த்துக் காலையில் நெட் போகும், சாப்பிட்டு முடித்த பிறகுதான் வரும்.

"ஃபயர்வால்தான். எத்தன தடவ சொல்றது?" என்பார் லோர்னா.

கடைசியில் டெக்னீஷியன் டேல் வந்தார். ரௌட்டரின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் லோர்னாவின் மின்சாரச் சட்டியின் பிளக் சொருகியிருந்தது. உள்ளே மாட்டிறைச்சியும் பீன்ஸும் கொதித்தன.

"என்னக்கா இது?"

"பீன்ஸ் வேகணும்ல? நெட்டுக்கு என்ன அவசரம் தம்பி? உக்காந்து சாப்பிடு."

டேல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பிறகு அறிக்கையில் எழுதினார்: "ஃபயர்வால் கோளாறு. அடுத்த வெள்ளியும் வந்து பார்க்க வேண்டும்."