மதினி தொட்ட பானை

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழாவின் கடைசி நாள் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் பானையை, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் முழுதாகக் கடந்த பெண்தான் தொட வேண்டும். பானையைப் புளி போட்டு விளக்குவது, கழுத்தில் மஞ்சள் கட்டுவது, அரிசி களைந்து போடுவது, பொங்கியதும் இறக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. யாருக்கு எப்போது நின்றது என்பது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். கோயில் கமிட்டி ஆண்கள் அதைக் கேட்பதில்லை. பெண்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள், ஆண்கள் தலையாட்டுவார்கள். அந்த வருடம் பெண்கள் சொன்னது என் அண்ணன் மனைவியின் பெயரை. மதினிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பதினாறு வருடம் புரூஃப் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம். கொழும்பில் நான் தங்கியிருந்த அறையைப் பொலிஸ் மூன்று முறை சோதனை போட்ட பிறகு வீட்டுக்காரி சாவியைத் திருப்பிக் கேட்டாள். கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் லயம். அண்ணன் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தார். மதினி கொழுந்து எடுத்தாள். அவர்கள் வீட்டோடு ஒட்டி இறக்கிய சின்ன அறையில் நான் இருந்தேன். பெண்கள் பக்கத்துக்கு வாரம் ஒரு கட்டுரை எழுதித் தபாலில் அனுப்புவேன்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாதம் ஒரு தடவை, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் அரசாங்க நர்ஸ் ஒருவர் வருவார். முப்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்குப் பிரஷர் பார்ப்பார், நிறை பார்ப்பார். உப்பைக் குறை, சீனியைக் குறை என்பார். ஒரு நாள் தன் பாதித் தமிழில், தினமும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்றார். வராந்தாவில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன் மிஸ்ஸி, கூடையக் கட்டிக்கிட்டு மலையில ஏறி எறங்குறது நடையில சேத்தியில்லையா?" என்றாள் மதினி.

மிஸ்ஸியும் சிரித்தார். "அப்ப கையத் தூக்குங்க. தோளுக்கு மேல. நீங்க எல்லாரும் நாள் முழுக்கக் குனிஞ்சுதானே."

கும்மி அப்படித்தான் தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு, குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தைகளைத் தாய்மார் தூக்கிப் போன பிறகு அந்தக் கூடம் காலியாக இருக்கும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்கள், என்னையும் சேர்த்து எட்டுப் பேர், வட்டமாக நின்றோம். பழைய பாட்டு எதுவும் முழுதாக யாருக்கும் நினைவில்லை. மதினி புதிதாகக் கட்ட ஆரம்பித்தாள். நான் புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

சீனி இல்லாத பிளேன்டீ குடிச்சேனடி – எம்
புருசன் மொகத்தப் பாத்து இனிச்சேனடி

"அந்த மொகத்தப் பாத்தா? அதுக்கு வேப்பெலயே தேவல," என்றாள் எதிர் லயத்துக்காரி. மதினியோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள், மதினியைவிட நாலைந்து வயது இளையவள், வாய் நீளம். அவள் சொன்னதை மதினி அடுத்த அடியாகச் சேர்த்துவிட்டாள். இரண்டு மாதத்தில் தோள் வலி குறைந்ததாக ஐந்து பேர் சொன்னார்கள். நான் அதை எழுதி அனுப்பினேன். தலைப்பு வைத்தது பத்திரிகைக்காரர்கள்: 'ஐம்பதில் திரும்பும் இளமை'.

திருவிழா பங்குனியில் நடந்தது. மதினி பானை வைத்தாள். பொங்கல் கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லோரும் குலவையிட்டார்கள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று இப்போது யோசித்தால், பானையை இறக்கும்போது அவள் கண்களை மூடியிருந்தது மட்டும் நினைவுக்கு வருகிறது.

திருவிழா முடிந்து மூன்றாவது வாரம் எதிர் லயத்தில் அம்மை போட்டது. முதலில் இரண்டு பிள்ளைகளுக்கு. பிறகு அந்த எதிர் லயத்துக்காரியின் கடைசி மகளுக்கு. வாசல்களில் வேப்பிலை செருகினார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள், கோபமாக வந்திருக்கிறாளா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

நான் மூன்று விஷயங்களைக் கவனித்தேன். கும்மியில் எப்போதும் எனக்கு நேரெதிரே நின்று குனிந்து நிமிரும் மதினி, சுவரோரமாக நின்று கையை மட்டும் தட்டினாள். வேலைக்கு இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை, நிழலில் நின்றபோதும் அவள் அவிழ்க்கவில்லை. கொடியில் அண்ணனுடைய சாரத்துக்கு அடியில், வெயிலே படாத இடத்தில், பழைய சேலைத் துண்டுகள் நாலு காய்ந்தன. பதினான்கு மாதமாக அந்த வீட்டுக் கொடியில் அப்படித் துண்டுகள் காய்ந்ததில்லை.

பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை அடிக்கடி வரும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு சிறிதளவு இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று. எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தில் காற்புள்ளியைச் சரிசெய்திருக்கிறேன். அதை நான் ஒரு முறையும் படித்ததில்லை என்பது அந்தக் கொடிக்குக் கீழே நின்றபோதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவள் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எத்தன நாளா மதினி?"

அவள் நிமிரவில்லை. "என்னா எத்தன நாளா?"

"கொடியில பாத்தேன்."

தண்ணீர் மூங்கிலிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. துணியை இரண்டு தடவை கல்லில் அடித்தாள். "ஒடம்பு எளசாயிருச்சு புள்ள. நீதான பேப்பர்ல எழுதுன, எளமை திரும்புதுன்னு."

"நான் அப்படி எழுதல. எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"பொங்கலுக்கு மொத நா."

நான் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"பானைய வெளக்கி வச்சாச்சு. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. எப்படிச் சொல்றது? ஒரு நாளுல நின்னுரும்னு நெனச்சேன். தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் தொட்டேன். அவ மன்னிக்கல. அந்தப் புள்ளைங்க மேல எறங்கிட்டா."

"அம்மை ஒருத்தருக்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துறது மதினி. பானையில இருந்து வராது."

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?" என்று எதிர் லயத்தைப் பார்த்தாள். "எம்புருசனுக்கே தெரியாது. நீ வாயத் தொறந்தா நான் செத்துருவேன்."

டிஸ்பென்சரி வேண்டாம் என்றாள். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அங்கே வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து, கடைசியாக எப்போது என்று சத்தமாகக் கேட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள். கேட்பது ஒருவர், காது கொடுப்பது இருபது பேர். அன்று முதல் நான் இரண்டு விதமாகப் பயந்தேன். அவள் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒன்று. போய்த் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்று. அவளைச் சம்மதிக்க வைக்கப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் காலையில் அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது, அவள் நடக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி எடுக்க டவுனுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். எங்கள் அடையாள அட்டைகளை ஒரு சிப்பாய் நீண்ட நேரம் பார்த்தான். பெண் கான்ஸ்டபிள் மதினியின் பையைத் திறந்தாள். அதற்குள் கை அளவு பொட்டலம் ஒன்று இருந்தது. மாற்றுத் துணிகள். நான்தான் சுற்றிக் கொடுத்திருந்தேன். அதுவும் தமிழ்ப் பத்திரிகையில். போர்ச் செய்தியுள்ள பக்கம் வெளியே தெரிந்தது. பதினாறு வருடம் பத்திரிகையில் இருந்தவள் செய்யும் மடத்தனம் இதைவிட வேறு இல்லை.

"மொக்கத மே?" என்ன இது என்று கேட்டாள் அவள். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு மதினிக்கு, ஆனாலும் அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. கான்ஸ்டபிள் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். மதினியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதே மடிப்புகளில் திரும்பச் சுற்றி, பையின் அடியில் வைத்து, மேலே தண்ணீர்ப் போத்தலை வைத்து மூடினாள். போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

ஆஸ்பத்திரியில் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள், மெதுவாகக் கேட்டார்கள். டாக்டர் இளம் பெண். எத்தனை மாதம் நின்றிருந்தது என்றார். மதினி விரல் விட்டு, போன திருவிழாவுக்கு முந்திய திருவிழா, அதற்கு முந்திய தை என்று எண்ணினாள். கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "பய வெண்ட எபா அம்மே," பயப்படாதீர்கள் அம்மா என்றார் டாக்டர். திரும்பும்போது மதினி, "பயப்படாதன்னு யாருக்குச் சொல்லுவாங்க தெரியுமா? பயப்பட வேண்டியவளுக்குத்தான்," என்றாள்.

முடிவுக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் ஒரு நாள் விடாமல் கும்மிக்கு வந்தாள். பாட்டுக் கட்டவில்லை. உள்ளங்கையில் எதையோ பொத்தி வைத்திருப்பதுபோலத் தட்டினாள். எதிர் லயத்துக்காரி அவளை அடிக்கடி பார்ப்பதை நான் கண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் மகளின் முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மறையவில்லை.

முடிவு இதுதான்: கேன்சர் இல்லை, ஆனால் அதற்கு முந்திய படி. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் கூடை தூக்கக் கூடாது. மூன்று மாதம் மலைக்கு வராதவளின் கதையைத் தோட்டத்தில் மறைக்க முடியாது. முடிவு தெரிந்த மறுநாள் மாலை மதினி வட்டத்தின் நடுவில் போய் நின்றாள்.

"நான் ஒன்னு சொல்லணும். சொன்ன பெறகு என்னக் காறித் துப்புறதுன்னா துப்புங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். பானையைத் தொட்ட நாளையும் சொன்னாள். அண்ணனிடம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். அவர் எழுந்து வெளியே போய் வெகுநேரம் கழித்துத் திரும்பியிருந்தார். எதிர் லயத்துக்காரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அடுத்த நாலு நாள் பிள்ளை மடுவத்தில் மதினியும் நானும் மட்டும் இருந்தோம். பீலிக்கு மதினி போனால் மற்றவர்களின் குடங்கள் நகர்ந்தன. கல் வந்து கூரையில் விழும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. காத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தண்டனை.

ஐந்தாம் நாள் மாலை எதிர் லயத்துக்காரி என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். ரெண்டு வருசமா நின்னு போச்சு. இப்ப நாலு மாசமா வருது." குரலைத் தாழ்த்தினாள். "எம்மகளுக்கு அம்மை போட்டதும், நான் அந்த ஒடம்போட கோயிலுக்குப் போனதாலதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா சொன்னப்ப எனக்கு ஒதறல் எடுத்துருச்சு. அதான் எந்திரிச்சுப் போனேன்."

மதினி ஆஸ்பத்திரியில் படுக்கப் போன நாள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். எதிர் லயத்துக்காரிக்கு ஒன்றும் இல்லை, மருந்தோடு போயிற்று. மதினிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாதம் பெண்கள் முறைபோட்டுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நாலாவது மாதம் கும்மி மறுபடி தொடங்கியது.

அடுத்த பங்குனியில் பானை யாருக்கு என்று பேச்சு வந்தது. நான் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மதினி தரையைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல பேச என்னா இருக்கு?" என்றாள் எதிர் லயத்துக்காரி. "வர்ற எடத்தையே வெட்டி எறிஞ்சுட்டு வந்திருக்கா. இந்தத் தோட்டத்துல அக்காவவிடச் சுத்தமானவ யாரு இருக்கா? நமக்காவது திரும்ப வந்துருமோன்னு பயம். அவளுக்கு அதுவும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். பெயரைக் கமிட்டிக்குச் சொன்னார்கள், அவர்கள் தலையாட்டினார்கள்.

பொங்கல் அன்று காலை அடுப்பு மூட்டியாயிற்று. பானையை மதினி முந்தின நாளே விளக்கி, மஞ்சள் கட்டி வைத்திருந்தாள். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். மதினி பானைக்கு முன்னால் வந்தாள், கையை நீட்டினாள், நிறுத்தினாள். இதோ வருகிறேன் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த தட்டி மறைப்புக்குள் போனாள். அங்கே துணியில் ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் பானையைத் தொட்டாள்.