நாவலில் குணமானவள்

மூன்றாவது பிரசவத்திலும் குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அதன்பின் தையல்காரி எட்டு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. காஜா எடுத்தால் நூலளவு பிசகாத கை. தன் தலையைச் சிக்கெடுக்க அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. கணவன் மின்கட்டண அலுவலகத்தில் எழுத்தர். முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் மாதம், "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்றான். பிறகு கூடத்தில் படுக்கையை விரித்துக்கொண்டான்.

அவளைத் தூக்கி உட்கார வைத்தது நாத்தனார், கணவனின் அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். வாயில் மருந்துக்குக்கூட இனிப்பு கிடையாது. வேலை முடிந்து நேராக வந்து ஜன்னலைத் திறப்பாள். "நாத்தம் தாங்கல, எந்திரி. குளிச்சு விடறேன்" என்பாள். எழாவிட்டால் ஈரத்துண்டால் துடைத்துவிடுவாள். மருத்துவரிடம் அழைத்துப் போனதும், மாத்திரையை விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும் அவள்தான். ஒரு நாள் கிழிந்த தலையணை உறையை மடியில் போட்டாள்.

"சும்மாவா சோறு ஊட்டறேன்? இதையாவது தைச்சுக் குடு."

அன்று நான்கு தையல். மறுநாள் பத்து. அடுத்த ஆண்டு தையல்காரி தன் தையல் கடையை மறுபடி திறந்துவிட்டாள்.

அப்போதுதான் கணவன் ஒரு காதல் நாவல் எழுதினான். மனச்சோர்வில் விழுந்த மனைவியைக் கணவன் பூவும் பாட்டுமாக, பிடித்த கையை விடாமல் மீட்டெடுக்கும் கதை. அதில் ஒரு நாத்தனாரும் உண்டு. பிள்ளையில்லாதவள் என்று குத்திக்காட்டி, மாத்திரை கொடுத்தே மயக்கத்தில் வைப்பவள். கடைசியில் கணவன் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டுகிறான். அவள் எழுந்து நடக்கிறாள்.

நாவல் அமோகமாக ஓடியது. தையல் கடைக்கே ஆட்கள் வந்தார்கள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி எனக்கு ஒருத்தர் வாய்க்கலையே" என்று ஒருத்தி கையைப் பிடித்து அழுதாள்.

"அண்ணிய ஏன் அப்படி எழுதுனீங்க?" என்று தையல்காரி கணவனிடம் கேட்டாள்.

"கதைன்னா கெட்டவ ஒருத்தி வேணாமா? மாத்திரையில குணமாச்சுன்னு எழுதுனா எவன் படிப்பான்?"

நாத்தனாரும் படித்தாள். "நல்லா இஸ்திரி போடுவாள்னாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்று தம்பியிடம் சொன்னதோடு சரி. அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

மறு ஆண்டு மழைக்காலத்தில் தையல்காரிக்கு மறுபடி உடம்பு இரும்பாய்க் கனத்தது. மாத்திரைச் சீட்டைத் தேடினாள். கணவன் அதைக் கிழித்துப் போட்டிருந்தான்.

"நீ குணமாயிட்டன்னு ஊரே நம்புது. இப்பப் போய் படுத்துக்கிட்டு என் மானத்த வாங்காத."

ஒரு ஞாயிறு மதியம் வாசகர் வட்டம் வீட்டுக்கு வந்தது. அவன் அவளை உள்ளே விட்டு அறையை வெளியில் பூட்டினான். வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்தபடி கணவன் விடிய விடிய விழித்திருக்கும் அத்தியாயத்தை உரக்க வாசித்தான். கைதட்டினார்கள். அவள் படுத்தபடியே அத்தனையும் கேட்டாள். பிறகு நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, என்னால முடியல. வரீங்களா?"

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"புடவைய மாத்திக்க. வரேன்."

வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. பூட்டைத் தம்பி திறக்கும்வரை அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தையல்காரியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தபோது நாவலின் நாத்தனார் இவள்தான் என்று வாசகர்களுக்குப் புரிந்துவிட்டது; இவளிடமிருந்து காப்பாற்றத்தான் அவர் மனைவியை ஒளித்து வைத்தார் என்று நம்பினார்கள். ஒருத்தி வாசலை மறித்தாள். "பாவம் அவங்க. இன்னுமா விட மாட்டீங்க?" யாரோ நாத்தனாரின் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். கணவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் தையல்காரி. குரல் எழவில்லை; அது யார் காதிலும் விழவில்லை.

இப்போது இருவரும் சலவைக் கடைக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அவள் மாத்திரை சாப்பிடுகிறாள், அறுந்த பொத்தான்களைத் தைக்கிறாள், சில நாள் எழுந்திருப்பதில்லை. கணவன் இரண்டாம் பாகம் எழுதினான். அக்கா மனைவியைக் கடத்திக்கொண்டு போகும் கதை. முதல் பாகத்தைவிட அதிகம் விற்றது. அந்தத் தெருவில் நான்கு வீட்டார் சலவைக்குத் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.